காயாத சட்டை

என் பெயர் மாக்சின் ட்வெடில். வயது ஐம்பத்தாறு. கெல்வின் ட்வெடில் என்பவரின் மனைவி. ப்ளைத் ஊரில், துறைமுகத்துக்குப் பின்னால், க்ரோஃப்டன் சந்தில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். பிங்கோ அரங்கில் மைக்கைப் பிடித்து எண்களைக் கூவுவது என் வேலை. பள்ளிக்கூடத்தைப் பதினைந்து வயதில் நான் விட்டேன். அது என்னை அதற்கு முன்பே விட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்பவர் அதிகாரி ஹெதரிங்டன். வழக்கறிஞர் வரும்வரை வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று அவர் சொன்னார். அந்த உரிமையை இதுவரை எங்கேயும் பயன்படுத்தியதில்லை, இன்றைக்கும் வேண்டாம் என்று சொன்னேன்.

பெயர் விலாசம் கேட்பதற்கு முன்பே நான் அவரிடம் ஒன்று சொல்லிவிட்டேன். மருத்துவமனைக்குப் போன் போட்டு என் கணவரின் முதுகைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், கழுவுகிறவர் கையுறை மாட்டிக்கொள்ளட்டும், என் நாத்தனார் இவோனின் கையையும் கழுத்தையும் நெஞ்சையும் அதே மாதிரி கழுவச் சொல்லுங்கள் என்றேன். இதே விஷயத்தை மருத்துவமனை நடைபாதையிலும் கத்திச் சொன்னேன்; என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர்கள் காதில் அது ஏறவில்லை. இப்போது இன்னொரு காவலர் போன் செய்யப் போயிருக்கிறார். அவர் இன்னும் திரும்பவில்லை. அதற்குள் மற்றதை வரிசையாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன்.

என் மேல் உள்ள புகார், கணவருக்குத் தயிரில் நிக்கோட்டின் கலந்து கொடுத்தேன் என்பது. புகார் கொடுத்தவள் இவோன். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அவள் சொன்னதெல்லாம் நடந்ததுதான், நடந்தது மட்டும் அது அல்ல.

சிகரெட்டை விட்ட நாளிலிருந்து நான் வேப், அதாவது நிக்கோட்டின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கிற மின்குழல், பிடிக்கிறேன். கடையில் விற்கும் திரவம் இருமல் மருந்து போல இருப்பதால் நானே வீட்டில் கலந்துகொள்கிறேன். கஸ்டர்ட், ஆப்பிள் கிரம்பிள், ரொட்டிப் புட்டிங் என்று சாப்பாட்டுக்குப் பின் தின்கிற இனிப்புகளின் சுவையில்தான் கலப்பேன். கிளிசரினில் எசன்ஸ் சொட்டுகளை விட்டு, நிக்கோட்டினைக் கடைசியாகச் சேர்த்து, குலுக்கி மூடி, வெந்நீர்க் குழாய் ஓடுகிற துணி அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால் இருட்டில் ஊறவைக்க வேண்டும். பழச் சுவை மறுநாளே பேசும். கஸ்டர்ட் அப்படியல்ல, வாரக்கணக்கில் மௌன விரதம் இருந்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதனால் எங்கள் வீட்டுத் துண்டுகளெல்லாம் கஸ்டர்ட் வாசம். குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கெல்வின், "மாக்ஸ், துடைச்சிட்டேன். இனி மேல க்ரீம ஊத்தி ஸ்பூன் போடு" என்பார்.

எசன்ஸ் பாட்டில்களைப் பின்னறையில், பியர் டின்னுக்காக அவர் வாங்கிய குட்டி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். வெண்ணிலா மட்டும் குளிரில் கட்டிப்போகும் என்பதால் வெளியே. நிக்கோட்டின் தனி. கிளிசரினில் கரைத்த பலமான சரக்கைக் கடைகள் விற்பதை நிறுத்துவதற்கு முன்பு வாங்கிப் பதுக்கியது அது. அதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள் வைத்து, பின்னறைப் பனிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே அது உறையாது, கெடவும் கெடாது. எங்களைப் போல வீட்டில் கலக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். எசன்சும் நிக்கோட்டினும் என் வீட்டில் ஒரே தட்டில் படுத்ததில்லை. சாவி என் கைப்பையில் இருக்கும். "சாவி என்கிட்ட மட்டும்தான்" என்று இவோனிடம் நான் பீற்றிக்கொண்டது உண்மை. கைப்பை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதன்முதலில் கலந்தபோது கையுறை போடாமல் கொஞ்சம் விரலில் சிந்திக்கொண்டேன். அதன் பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு தடதடத்து, குளியலறைத் தரையில் குப்புறக் கிடந்தேன். கெல்வின் கதவில் சாய்ந்துகொண்டு, "மாக்ஸ், மாசமா இருக்கியா? அப்பன் யாருடி?" என்று கேட்டார். அந்த நோயின் முகம் எனக்கு அன்றிலிருந்து தெரியும்.

இனி கெல்வினைப் பற்றி. அவர் நகராட்சியின் வாடகைத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் எடுத்து லீக் வளர்க்கிறார். லீக் வெங்காயத்தாளின் சாதிதான், ஆனால் போட்டிக்கு வளர்ப்பது குழந்தையின் தொடை அளவுக்குத் தடிக்கும். போட்டி வருகிற சனிக்கிழமை, லீக் வளர்க்கிறவர்களின் கழகத்தில். அது நெருங்கும்போது வேண்டாதவர்கள் வந்து கத்தியால் கீறிவிடுவார்கள் என்று தோட்டத்துக் கொட்டகையில் போய்க் காவல் படுப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் அவ்வளவு விழித்திருந்ததில்லை. அவருடைய லீக்கை நான் வருடம் முழுவதும் வெங்காயத்தாள் என்றுதான் சொல்வேன். சொன்னால் உடனே, "வெங்காயத்தாள் உங்கப்பன்" என்பார். பல் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்திருந்த அன்றைக்கும் சொன்னார். தூக்கத்திலும் சொல்வார். திருப்பிச் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. இதை நான் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, பின்னால் இது வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் அவருடைய லீக்கில் இலைப்பேன் விழுந்தது. தாளெல்லாம் வெள்ளி வெள்ளியாகச் சுரண்டினது போல ஆயிற்று. நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். சோப்புத் தண்ணீர் அடித்தார், பூண்டு அரைத்து அடித்தார், பேன் கொழுத்தது. போன வாரம் ஒரு நாள் நான் பின்னறையில் கலந்துகொண்டிருந்தபோது அவர் வந்து நின்று பேசினார். அந்தப் பேச்சு வருமாறு.

"ஏன் மாக்ஸ், இந்த உன் சரக்குல ஒரு பூச்சி விழுந்தா சாகுமா?"

"பூச்சி என்னய்யா, நீயே சாவ."

"எங்கப்பா காலத்துல புகையிலைய ஊறவெச்சுத்தான் செடிக்கு அடிப்பாங்க."

"உங்கப்பா காலத்துல குளிக்கவும் மாட்டாங்க. தள்ளி நில்லு, எசன்ஸ்ல உன் மண்ணு விழுது."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. இவோன் அப்போது அங்கே இல்லை. இந்தப் பேச்சுக்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது என்று அதிகாரி சுட்டிக்காட்டினார். ஆமாம், கிடையாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கெல்வின் தோட்டத்துக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு இவோன் வழக்கம்போல வந்தாள். அவள் கெல்வினின் அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் வருவாள், ஆனால் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். உன் வேப் வாசம் தட்டில்கூட அடிக்கிறது என்று தன் சாண்ட்விச்சையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டே வருவாள். நேற்றும் அப்படியே. அதன் பிறகு கெல்வின் தாமதமாக வந்தார். அக்காவின் கார் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, குளிக்காமல், சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மேசையில் உட்கார்ந்தார். கை மட்டும் கழுவினார். மாட்டிறைச்சியைத் தொட்டுவிட்டுத் தள்ளி வைத்தார். பசியில்லை என்றார். அது நடக்கிற காரியமில்லை, ஆனால் போட்டி வாரம் என்று விட்டுவிட்டேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. புட்டிங் தின்னக் கூடாது. அதனால் வெறும் தயிரில் கஸ்டர்ட் எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டுக் கொடுப்பேன். வாய் ஏமாந்துபோகும், இரத்தம் ஏமாறாது. அந்த எசன்ஸ் சமையலுக்கும் ஆகிற எசன்ஸ்தான், அதில் நிக்கோட்டின் கிடையாது. அந்தக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து, "இந்தா ராசா, உனக்குன்னு தனியா விஷம் கலந்து வெச்சிருக்கேன்" என்று சொன்னேன். இவோன் உங்களிடம் சொன்ன வாசகம் அதுதான். எழுத்துக்கு எழுத்துச் சரி. ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர், "கொஞ்சம் தூக்கலாப் போட்டியா?" என்று கேட்பார். நேற்று கேட்கவில்லை. ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். ஸ்பூன் தட்டில் விழுந்தது. அதன் பிறகு அவர் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, நெற்றியெல்லாம் வியர்த்தது, தலை மேசைமேல் சாய்ந்தது.

நான் சிரித்தேன். மறைக்கவில்லை. இவோன் அவித்துக்கொண்டு வந்த கோஸிலிருந்து தப்பிக்க இதே மேசையில் அவர் முன்பு செத்து நடித்திருக்கிறார். இவோனும் சிரித்துக்கொண்டே, "எந்திரிடா, நடிப்புக்கு அவார்டு தரமாட்டாங்க, லீக்குக்குத்தான் தருவாங்க" என்றாள். நான் அவர் காதுகிட்டக் குனிந்து, "லீக்கா? வெங்காயத்தாளுக்கு யாரு அவார்டு தருவா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொரு தடவை சொன்னேன். பதில் இல்லை. அதன் பிறகு நான் அவர் தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தேன். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. முகம் பச்சை. நான் குளியலறைத் தரையில் கிடந்த அன்று கண்ணாடியில் பார்த்த அதே பச்சை. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். என்ன சாப்பிட்டார் என்று போனை எடுத்த பெண் கேட்டபோது, "நிக்கோட்டின், எப்படின்னு தெரியல, ஆனா நிக்கோட்டின்தான்" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது இவோன் என்னைப் பார்த்தாள். பிறகு தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் பின்னறைக்கு ஓடிப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். சாவி பையில்தான் இருந்தது. பாட்டிலும் இருந்தது. நிறைந்திருந்த பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் எடுக்கவில்லை. வீட்டில் நான், கெல்வின், இரண்டே பேர். அவரே குடித்துவிட்டாரோ, ஏதாவது மனக்கஷ்டமோ, நான் செய்த கேலியெல்லாம் கேலியாகவே போய்ச் சேரவில்லையோ என்று அப்போது நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மருத்துவமனை. ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சில் ஒயர் ஒட்டுவதற்காக அவருடைய கம்பளிச் சட்டையையும் உள்சட்டையையும் கழற்றி ஒரு பையில் போட்டிருந்தார்கள். அந்தப் பையை ஒரு நர்ஸ் இவோனிடம் கொடுத்தாள். எங்களை நடைபாதையில் உட்கார வைத்தார்கள். கெல்வினுக்கு முகமூடி மாட்டியிருந்தார்கள். வயிற்றைக் கழுவுவதைப் பற்றியும் தயிரைப் பற்றியும் பேசினார்கள், ஏனென்றால் தயிர் என்றுதான் இவோன் சொல்லியிருந்தாள். இவோன் பையிலிருந்து தம்பியின் சட்டையை எடுத்து முகத்தோடு வைத்து அழுதாள். பிறகு அதைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எங்களுக்குள் நடந்த பேச்சு வருமாறு.

"என் தம்பி உனக்கு என்னடி பாவம் செஞ்சான்?"

"இவோன், நான் எதுவும் வெக்கல."

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே நீ எப்படிச் சொன்ன நிக்கோட்டின்னு? டாக்டர் படிச்சிருக்கியா? எண்ணு கூவத்தானே படிச்ச?"

"எனக்கு அந்த நோய் வந்திருக்கு. அதான் தெரிஞ்சுது."

"போலீசுக்குச் சொல்லிட்டேன். கிண்ணம் என்கிட்ட இருக்கு. சிரிச்சுக்கிட்டே குடுத்த இல்ல? கோர்ட்டுல சிரி."

அதன் பிறகு நள்ளிரவு தாண்டும்வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருந்த பழக்கம் இல்லாததால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நடைபாதை குளிராக இருந்தது. அவள் எச்சிலை விழுங்கினாள், மறுபடியும் விழுங்கினாள், புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு தரையில் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் பச்சையாக இருந்தது.

"எனக்கும் வெச்சிட்டியாடி?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் எதை வைக்க முடியும்? எங்கள் வீட்டில் அவள் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை. தன் சாண்ட்விச், தன் பிளாஸ்க். தயிரை அவள் தொடவில்லை, கிண்ணம் கைக்குட்டைக்குள் இருந்தது. எங்கள் வீட்டுப் பொருளில் அவள் தொட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான், அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டிச் சட்டையின் முதுகுப் பக்கத்தைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

காலையில் போட்ட சட்டை. மழை இல்லை. தண்ணீர் என்றால் காய்ந்திருக்கும், வியர்வை என்றால் காய்ந்திருக்கும். இது விரலுக்கும் விரலுக்கும் இடையில் வழுக்கியது. என் சமையலறை மேசையில் எத்தனையோ தடவை துடைத்து அலுத்துப்போன வழுக்கல் அது. கிளிசரின் காயாது. முகர்ந்து பார்த்தேன். கஸ்டர்ட் வாசம் இல்லை. ஊறவைத்த சரக்கு இல்லை, எசன்ஸ் சேராத பச்சைச் சரக்கு. ஈரம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தொடங்கி இடுப்புவரை இறங்கியிருந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற டேங்க் கெல்வினிடம் ஒன்று இருக்கிறது. அதன் வாஷர் போய்விட்டது, ஒழுகுகிறது, புதிது வாங்க வேண்டும் என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அவர் குடிக்கவில்லை. யாரும் கொடுக்கவில்லை. பேனுக்கு அடித்திருக்கிறார்.

அதன் பிறகு நான் சட்டையைப் பிடுங்கினேன். இவோன் விடவில்லை. தம்பியின் சட்டை என்று அவள் கத்தினாள், விடுடி செத்துப்போவே என்று நான் கத்தினேன். "விட்டுரு, இல்லன்னா செத்துருவ" என்று நான் மிரட்டியதாக மருத்துவமனைக் காவலாளி சொல்வது இதைத்தான். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள், நானும் இழுத்தேன், அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். நோயாளியின் அக்காவை நான் அடித்ததாக நினைத்து என்னைப் பிடித்தார்கள். முதுகைக் கழுவுங்கள், முதுகைக் கழுவுங்கள் என்று கத்தினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கெல்வின் மல்லாந்து, அந்த முதுகின் மேலேயே படுத்திருந்தார்.

கெல்வின் ஏன் இதை உங்களிடம் சொல்லவில்லை என்று அதிகாரி ஹெதரிங்டன் கேட்டார். கழகத்தில் சட்டம் உண்டு. வீட்டில் காய்ச்சின விஷம் எதையும் லீக்கில் அடிக்கக் கூடாது, அடித்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஏனென்றால் போட்டி முடிந்ததும் எல்லோருடைய லீக்கையும் வெட்டி ஒரே அண்டாவில் சூப் வைத்து ஊருக்கே ஊற்றுவார்கள். என்னிடம் சொன்னால் நான் பிங்கோ அரங்கில் மைக்கிலேயே சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பார். அது நியாயமான பயம்தான்.

இந்த இடத்தில் போன் செய்யப் போன காவலர் உள்ளே வந்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். காவலர் சொன்னது: முதுகைக் கழுவினார்கள், தண்ணீர் வழுவழுவென்று இறங்கியது. இவோனையும் கழுவினார்கள், அவள் தேறிவிட்டாள். கெல்வின் கண் திறக்கவில்லை. நாடி மட்டும் கொஞ்சம் நிதானப்பட்டிருக்கிறது. நர்ஸ் இன்னும் போனில் இருக்கிறாள்.

போனை அவர் காதுகிட்டப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று கேட்டேன். அதிகாரி யோசித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசைமேல் வைத்தார். நான் குனிந்து, "வெங்காயத்தாள்" என்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. காவலர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மறுபடியும் சொன்னேன். பிங்கோவில் கூவுகிற குரலில் சொன்னேன். கொஞ்சம் உடைந்தது, அதனால் சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை.

அதன் பிறகு போனில் ஒரு சொல் கேட்டது. அது என் அப்பாவைப் பற்றியது. வாக்குமூலத்தில் இரண்டாம் தடவை எழுதத் தகுந்த சொல் அல்ல என்று அதிகாரி கருதியதால் இங்கே எழுதவில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, முகமூடிக்குள்ளிருந்து, மெதுவாக, "மாக்ஸ்... பேன் செத்துச்சா?" என்று என் கணவர் கேட்டார். அதிகாரி ஹெதரிங்டனும் காவலரும் அதைக் கேட்டார்கள். அதிகாரி தன் கைப்பட அதன் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

நான் கேட்டுக்கொள்வது இரண்டு. கொட்டகையில் இருக்கும் டேங்கைக் கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம். அந்த லீக் மொத்தத்தையும் இன்றைக்கே பிடுங்கி ஆழப் புதைத்துவிடுங்கள், சனிக்கிழமை வரை விட வேண்டாம், அதில் ஒரு தாள்கூட அண்டாவுக்குள் போகக் கூடாது. அவர் அழுவார். அழட்டும், அழுவதற்கு ஆள் இருக்கிறார். தகரப் பெட்டியையும் பாட்டிலையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எசன்ஸ் மட்டும் இருக்கட்டும், அவருக்குத் தயிருக்கு வேண்டும்.

உண்மை முழுவதையும் சொல்லும்படி எச்சரிக்கப்பட்டிருப்பதால் இதையும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாமல் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவை வெங்காயத்தாள் அல்ல. இந்த ஊரில் அவ்வளவு பெரிய லீக்கை நான் பார்த்ததில்லை. இந்த ஒரு பகுதியை மட்டும் என் கணவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

மேலே எழுதியதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சிரித்த இடங்களை அடிக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். யாரும் மிரட்டிச் சொன்னதல்ல, என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மாக்சின் ட்வெடில்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: அதிகாரி ஹெதரிங்டன்